பொண்ணுக்கு இன்சுலின் டோஸ் தானா குறைஞ்சுகிட்டே வருது, இது குணமாகுற அறிகுறியா?

தூக்கம்_தொலைத்தவள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க. ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்து டைப் பண்றேன், கோர்வையா இருக்காது.

என் பொண்ணுக்கு ஏழு வயசு. நாலு மாசத்துக்கு முன்னாடி திடீர்னு மறுபடியும் படுக்கையில ஒன்னுக்கு போக ஆரம்பிச்சா, மூணு வயசுலயே நின்ன பழக்கம் அது. தண்ணி தண்ணின்னு குடிச்சுகிட்டே இருந்தா, கன்னம் ஒட்டிப்போச்சு, வளர்ற வயசு அதான் இளைக்கிறான்னு நாங்களும் விட்டுட்டோம். ஒரு டாக்டர்கிட்ட காட்டினப்போ யூரின் இன்ஃபெக்ஷன்னு சொல்லி சிரப் குடுத்தாங்க. ரெண்டாவது நாள் வாந்தி, ஓடி வந்தவ மாதிரி மூச்சு வாங்குறா, வாயில ஒரு மாதிரி அழுகின பழ வாசனை. பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், சுகர் 540, கீட்டோன் ஏறி ரத்தமே அமிலமாயிடுச்சுன்னு சொல்லி மூணு நாள் ஐசியுல வச்சாங்க. டைப் 1ங்கிற வார்த்தையவே அங்கதான் முதல்முதலா கேட்டேன். பெரியவங்களுக்கு சுகர் வரும்னு தெரியும், குழந்தைக்கு வரும்னு யாரும் எனக்கு சொன்னதில்ல.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு நாளைக்கு மொத்தமா 18 யூனிட் இன்சுலின். இப்போ 6 யூனிட்தான் போடுறோம்! அதுக்கே போன வாரம் மூணு ராத்திரி சுகர் 70க்கு கீழ போயிடுச்சு, ஒரு நாள் 52. டாக்டர் போன்லயே குறைங்க குறைங்கன்னு சொல்றாங்க. ஹனிமூன்னு ஏதோ சொன்னாங்க, அவசரத்துல எனக்கு சரியா புரியல, திருப்பிக் கேக்கவும் சங்கடமா இருந்துச்சு.

இப்போ பிரச்சனை என்னன்னா, நடுவுல என் நாத்தனார் யார்கிட்டயோ இருந்து ஒரு பொடி வாங்கிட்டு வந்தாங்க, ஆறு மாசத்துல ஊசியே வேணாம், நிறைய குழந்தைங்களுக்கு சரியாயிருக்குன்னு. உண்மைய சொல்லிடுறேன், மூணு வாரமா குடுத்துகிட்டு இருக்கேன். டாக்டருக்கு தெரியாது. டோஸ் குறையுறத பாத்ததும் வீட்ல எல்லாரும் பொடிதான் வேலை செய்யுது, சாயங்கால ஊசிய நிறுத்திப் பாருன்னு ஆரம்பிச்சுட்டாங்க. என் வீட்டுக்காரரும் பாதி அந்தப் பக்கம். எனக்கும் ஆசையாத்தான் இருக்கு, பொய் சொல்ல விரும்பல, ஒரு நாளைக்கு நாலு தடவை குத்துற கை இது.

இன்னொன்னு, ஸ்டெம் செல் வச்சு ஒரு பொண்ணுக்கு டைப் 1 குணமாயிடுச்சுன்னு நியூஸ் பாத்தேன், அது நிஜமா? குழந்தைங்களுக்கு எப்போ வரும்? சின்னவனுக்கு மூணு வயசு ஆகுது, அவனுக்கும் வருமா, இப்பவே டெஸ்ட் எடுக்கணுமா? அப்புறம் ராத்திரில நீங்கல்லாம் எப்படித்தான் தூங்குறீங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


ரெண்டுமணி_அலாரம்:

சிஸ்டர், மத்ததெல்லாம் அப்புறம். ஊசிய நிறுத்தாதீங்க. இன்னைக்கு சாயங்காலம் வீட்ல யார் என்ன சொன்னாலும் சரி, டாக்டர் சொன்ன அளவு, அது ஒன்னா இருந்தாலும் அரையா இருந்தாலும், போட்டுடுங்க.

என் பையனுக்கு இப்போ பதினஞ்சு வயசு, எட்டு வயசுல வந்துச்சு. நீங்க எழுதினத படிக்கும்போது ஏழு வருஷத்துக்கு முன்னாடி நானே எழுதின மாதிரி இருக்கு. எங்களுக்கும் டோஸ் விறுவிறுன்னு எறங்குச்சு. எங்களுக்கும் ஒரு பொடி வந்துச்சு, ஆள்தான் வேற. நாங்க உங்களவிட ஒரு படி மேல போய் ஊசிய நிறுத்தியே பாத்தோம். முதல் ரெண்டு நாள் சுகர் 160, 180னு ஓடுச்சு, பாத்தீங்களா பாத்தீங்களான்னு வீட்ல ஒரே கொண்டாட்டம். நாலாவது நாள் லேசா ஜுரம் வந்துச்சு, சாதாரண சளி ஜுரம்தான். அஞ்சாவது நாள் காலைல பையன் கண்ணு சொருகிக் கிடக்குறான். மறுபடியும் ஐசியு. பொடி குடுத்த ஆளுக்கு போன் பண்ணா, நீங்க பத்தியம் சரியா இருந்திருக்க மாட்டீங்கன்னு சொன்னார். அதோட அந்த நம்பர் எடுக்கல.

இந்த ஹனிமூன்னா என்னன்னு எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். கணையத்துல இன்சுலின் சுரக்குற பீட்டா செல்லுங்க இருக்கு. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அதுங்கள எதிரின்னு நினைச்சு அடிச்சுகிட்டே வருது, மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல. குழந்தை விழுந்து ஆஸ்பத்திரி போற அன்னைக்கு பெரும்பகுதி போயிருக்கும், ஆனா மொத்தமும் போயிருக்காது. மிச்சம் இருக்கறதும் 400, 500 சுகர்ல மூச்சு திணறி மயங்கிக் கிடக்கும். வெளிய இருந்து இன்சுலின் போனதும் சுகர் எறங்குது, மிச்ச செல்லுக்கு ஓய்வு கிடைக்குது, எழுந்து உக்காந்து கொஞ்சம் வேலை பாக்குது. அதான் 18 போய் 6 ஆகுது. உங்க பொண்ணு ஒரு இருவது கிலோ இருப்பான்னு நினைக்கிறேன், ஒரு கிலோவுக்கு அரை யூனிட்டுக்கும் கம்மியா போதும்னா அதத்தான் இந்தப் பேர்ல சொல்லுவாங்க. சில பேருக்கு ரெண்டு மூணு மாசம், சில பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேல கூட ஓடும். ஆனா அடிக்கறவன் போகல, அடிச்சுகிட்டேதான் இருக்கான், அதனால ஒரு நாள் டோஸ் திரும்ப ஏறும். அன்னைக்கு நாம ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நினைச்சு உடைஞ்சு போயிடாதீங்க, இப்பவே சொல்லி வைக்கிறேன்.

கொடுமை என்னன்னா ஊசிதான் அந்த செல்ல எழுப்பி விட்டது, ஆனா அந்த நேரம் பாத்து கைல எது இருக்கோ அதுக்கு பேர் போயிடுது. பொடியோ, மாத்திரையோ, நேர்த்திக்கடனோ. டைப் 1க்கு வைத்தியம் பண்றேன்னு சொல்ற ஆளுங்க பாதி பேர் பொழைக்கிறதே இந்த ஹனிமூன வச்சுத்தான்னு நான் சொல்லுவேன்.

ராத்திரி தூக்கம் கேட்டீங்க. முதல் ஒரு வருஷம் நான் ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு விரல்ல குத்திப் பாத்தேன், பேரே அப்படித்தான் வச்சிருக்கேன் பாருங்க. இப்போ கைல சென்சார், லோ ஆனா போன் கத்தும். அது வந்தப்புறம் தூக்கம் வந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், கத்துமோ கத்துமோன்னு காத்துகிட்டு தூங்காத ராத்திரி இருக்கு. இருந்தாலும் வாங்க முடிஞ்சா வாங்கிடுங்க. சென்சார் இல்லாதவங்க குறைஞ்சது விளையாடின நாள்ல ராத்திரி எழுந்து பாக்கணும். சாயங்காலம் நல்லா ஓடி ஆடினா தசை தன்னோட சர்க்கரை சேமிப்ப ராத்திரி முழுக்க ரத்தத்துல இருந்து இழுத்து நிரப்பிக்கும், லோ வர்றது ஆடும்போது மட்டும் இல்ல, நடுராத்திரிலயும் வரும். இது எங்களுக்கு யாரும் சொல்லல, ஒரு நாள் வலிப்பு வந்துதான் கத்துகிட்டோம்.

லோ ஆச்சுன்னா நான் மொதல்ல செஞ்ச தப்பு, பயத்துல ஒரு டம்ளர் முழுக்க ஜூஸ ஊத்தினது. ஒரு மணி நேரத்துல 300. கணக்கு என்னன்னா குழந்தை எடைக்கு கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ், இருவது கிலோன்னா 6 கிராம் போதும், பதினஞ்சு நிமிஷம் பொறுத்து திரும்ப பாருங்க, ஏறலன்னா மறுபடி அதே அளவு. மயங்கிட்டாளா, வாயில ஒன்னும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்ல போயிடும். குளுக்ககான்னு ஒரு மருந்து இருக்கு, ஊசியாவும் மூக்குல அடிக்கிற பொடியாவும். டாக்டர்கிட்ட கேட்டு ஒன்னு வீட்ல, ஒன்னு ஸ்கூல்ல வச்சுடுங்க. ஸ்கூல்ல ஒரே ஒரு டீச்சருக்கு மட்டும் சொல்லாதீங்க, அவங்க லீவு எடுக்கற அன்னைக்குத்தான் லோ வரும்.

ஊசி போடற எடத்த மாத்தி மாத்தி போடுங்க, வலிக்கலன்னு சொல்லி ஒரே எடத்த பசங்க காட்டும், அங்க கொழுப்பு கட்டி தடிச்சுப்போய் இன்சுலின் சரியா ஏறாது. ஜுரம் வாந்தி வந்தா சாப்பிடலயேன்னு ஊசிய விடாதீங்க, கீட்டோன் பாருங்க. எங்களுக்கு ரெண்டாவது ஐசியு ஊசி இல்லாம இருந்தப்போ ஜுரம் வந்ததாலதான்.


பீட்டாசெல்_பைத்தியம்:

அண்ணன் சொன்னதுல எல்லாத்துக்கும் ஒத்துப்போறேன், ஆனா ஒன்னு விட்டுட்டார், எனக்கு அதுதான் பயமா இருக்கு. அக்கா, அந்த பொடிய இப்பவே நிறுத்துங்க, பாக்கெட்டோட டாக்டர்கிட்ட எடுத்துட்டு போய் காட்டுங்க. சுகருக்குன்னு விக்கிற இந்த மாதிரி பொடி, உருண்டைகள்ல கிளிபென்கிளமைடு மாதிரி, வழக்கமா பெரியவங்களுக்கு வர்ற டைப் 2 சுகர் மாத்திரைய ரகசியமா அரைச்சுக் கலந்து வித்தத பல நாட்டுல பிடிச்சிருக்காங்க. அந்த மாத்திரை என்ன பண்ணும்னா மிச்சம் இருக்குற பீட்டா செல்ல சாட்டையால அடிச்சு இன்சுலின் கக்க வைக்கும். ஹனிமூன்ல இருக்குற குழந்தைக்கு அது போனா ராத்திரில 52 வர்றதுல ஆச்சரியமே இல்ல. உங்க பொடியில அது இருக்குன்னு சொல்லல. இருந்தா உங்களுக்கு தெரிய வழியே இல்லங்கறேன். டாக்டர் திட்டுவாங்களோன்னு பயப்படாதீங்க, நீங்க முதல் ஆளு இல்ல.

இனி உங்க ஸ்டெம் செல் கேள்வி, அதாவது வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல். நான் டாக்டர் இல்ல, பயாலஜி லேப்ல வேலை, இந்த நோய் எனக்கும் இருக்கு, அதனால இந்த ஆராய்ச்சிய கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஃபாலோ பண்றவன்.

நீங்க பாத்த நியூஸ் நிஜம்தான். சீனாவுல தியான்ஜின்ல 2023ல பண்ணாங்க, 2024ல பேப்பர் வந்துச்சு. இருவத்தஞ்சு வயசு பொண்ணு, அவங்களோட சொந்த செல்லயே எடுத்து கெமிக்கல் போட்டு பழைய கரு நிலைக்கு திருப்பி, அதுல இருந்து இன்சுலின் சுரக்குற செல் கூட்டங்கள் (தீவுகள்னு சொல்லுவாங்க) செஞ்சு, வயித்து தசை பக்கம் வச்சாங்க. எழுவத்தஞ்சு நாள் கழிச்சு அவங்களுக்கு ஊசி தேவைப்படல. சூப்பர்தான். ஆனா நியூஸ்ல நாலாவது பாராவுக்கு அப்புறம் யாரும் படிக்காத ஒரு வரி, அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே கல்லீரல் மாத்து ஆபரேஷன் ஆகி, எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்து எடுத்துகிட்டுதான் இருந்தாங்க. அதாவது புது செல்லயும் உடம்பு அடிச்சு தள்ளுமா தள்ளாதாங்கற முக்கியமான கேள்விக்கு அதுல பதில் இல்ல.

மொத்த கதையும் இங்கதான் இருக்கு. குணப்படுத்தணும்னா ரெண்டு பூட்ட திறக்கணும். போன செல்லுக்கு பதில் புது செல் வேணும், அது ஒரு பூட்டு. வந்த புது செல்ல பழைய எதிரி அடிக்காம இருக்கணும், அது ரெண்டாவது. முதல் பூட்டு ஏறக்குறைய திறந்தாச்சு. 2000ல கனடா எட்மன்டன்ல இறந்தவங்க கணையத்துல இருந்து தீவு செல்ல பிரிச்சு ஏழு பேருக்கு கல்லீரல் ரத்தக்குழாய் வழியா விட்டாங்க, ஏழு பேருமே ஊசி இல்லாம இருந்தாங்க. உலகமே ஆடிப்போச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு பாத்தா ஊசி இல்லாம இருந்தது பத்துல ஒருத்தர் மாதிரிதான். மேலும் ஒரு ஆளுக்கே ரெண்டு மூணு பேரோட கணையம் வேண்டியிருந்துச்சு, எங்க போறது அதுக்கு?

அங்கதான் ஸ்டெம் செல் வருது. டக்ளஸ் மெல்டன்னு ஹார்வர்ட்ல ஒரு விஞ்ஞானி, தவளை முட்டை வளர்ச்சிய ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தவர். 1991ல அவர் மகனுக்கு ஆறு மாச கைக்குழந்தையா இருக்கும்போதே டைப் 1 வந்துச்சு, தவளைய அப்படியே விட்டுட்டு இதுக்கு வந்துட்டார். பின்னாடி மகளுக்கும் வந்துச்சு. 2014லதான் ஸ்டெம் செல்ல இருந்து மனுஷ பீட்டா செல்ல லேப்ல அளவா செய்யற முறைய வெளியிட்டாங்க, இருவத்துமூணு வருஷம் கணக்கு பண்ணிக்கோங்க. அதுல இருந்து ஆரம்பிச்ச கம்பெனிக்கு ரெண்டு பிள்ளைங்க பேரயும் சேத்துத்தான் பேர் வச்சார், செம்மான்னு, நம்ம காதுக்கு செமையா இருக்கு. அத வெர்டெக்ஸ்னு ஒரு மருந்து கம்பெனி வாங்கிச்சு. ஜிமிஸ்லெசெல்னு அந்த செல் மருந்த 2025ல ரிப்போர்ட் பண்ணப்போ முழு டோஸ் வாங்கின பன்னெண்டு பேர்ல பத்து பேருக்கு ஒரு வருஷ முடிவுல இன்சுலின் வேண்டியிருக்கல. இதுக்கு மேல என்ன வேணும்னு தோணும். ஆனா அவங்க எல்லாரும் எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்த விடாம எடுக்கணும். அந்த ட்ரையல்ல ஒருத்தர் பூஞ்சை தொற்று மூளைக்கு ஏறி இறந்தும் போனார். அதனாலதான் இத லோ வந்தா உணரவே முடியாம அடிக்கடி மயங்கி விழுற பெரியவங்களுக்கு முதல்ல பண்றாங்க. ஏழு வயசு குழந்தைக்கு ஊசிய எடுத்துட்டு வாழ்நாள் முழுக்க அந்த மருந்த குடுக்கறது நல்ல வியாபாரம் இல்லக்கா. குழந்தைங்களுக்கு ஏன் இன்னும் வரலன்னா காரணம் இதுதான், சதியெல்லாம் ஒன்னும் இல்ல. (இன்சுலின் கம்பெனிங்க மறைக்கிறாங்கன்னு அடுத்து யாராவது எழுதுவீங்க, ப்ளீஸ் வேணாம்.)

ரெண்டாவது பூட்டுலயும் சாவி வச்சு திருக ஆரம்பிச்சிருக்காங்க. ஸ்வீடன்ல உப்சாலாவுல ஒருத்தருக்கு, தானமா வந்த தீவு செல்ல கிரிஸ்பர் வச்சு ஜீன் திருத்தி, எதிர்ப்பு சக்தி கண்ணுல படாத மாதிரி மாத்தி, முன்னங்கை தசைல போட்டாங்க. அடக்குற மருந்து ஒன்னுமே குடுக்கல. பன்னெண்டு வாரம் கழிச்சும் செல் உயிரோட இருந்து இன்சுலின் சுரக்குது. அளவு ரொம்ப கம்மி, அந்த ஆளு இன்னும் ஊசி போட்டுகிட்டுதான் இருக்கார், ஒரே ஒரு ஆளு வேற. ஆனா எனக்கு தனிப்பட்ட முறையில அந்த பத்து பேர விட இந்த ஒருத்தர் பெரிய நியூஸ்.

சின்னவனுக்கு: கூடப்பிறந்தவங்களுக்கு டைப் 1 இருந்தா நூத்துல அஞ்சு ஆறு பேருக்கு வரும், அதாவது வராம இருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம். ஆன்டிபாடி டெஸ்ட்னு ஒன்னு இருக்கு, எதிர்ப்பு சக்தி பீட்டா செல்ல குறி வச்சிருக்கான்னு காட்டுற ஒரு ரத்த டெஸ்ட்தான், அதுல ரெண்டு அல்லது அதுக்கு மேல பாசிட்டிவ்னா சுகர் நார்மலா இருந்தாலும் நோய் உள்ள ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், கிட்டத்தட்ட எல்லாருக்கும் என்னைக்காவது வந்துடும். தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்னு கேப்பாங்க. பொண்ணு மாதிரி ஐசியு வழியா உள்ள வர வேண்டியதில்ல, அதுவே பெரிசு. டெப்லிசுமாப்னு ஒரு மருந்தும் இருக்கு, பதினாலு நாள் டிரிப்ஸ், 2022ல அமெரிக்காவுல எட்டு வயசுக்கு மேல, ஆன்டிபாடி இருந்து சுகர் லேசா தடுமாற ஆரம்பிச்சவங்களுக்குன்னு அனுமதிச்சாங்க. எழுவத்தாறு பேர வச்சு பண்ண ட்ரையல்ல நோய் வர்றத சராசரியா ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டுச்சு. தள்ளித்தான் போடும், நிறுத்தாது. ஆனா எட்டு வயசுல வர்றதுக்கும் பத்து வயசுல வர்றதுக்கும் வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லணுமா. டெஸ்ட் நெகட்டிவ்னா ஒரே தடவையோட விடாதீங்க, கொஞ்ச வருஷம் கழிச்சு திரும்ப எடுக்கணும்.

பணம் கட்டினா ஸ்டெம் செல் ஏத்தி விடறோம்னு கூப்பிடுற கிளினிக் பக்கம் போயிடாதீங்க. நிஜமான ட்ரையல்ல மருந்துக்கு உங்ககிட்ட காசு கேக்க மாட்டாங்க.


ஒன்பது_வயசுல_இருந்து:

மேல ரெண்டு பேரும் அப்பா பக்கம், சயின்ஸ் பக்கம் எழுதிட்டாங்க. நான் குழந்தை பக்கம் எழுதறேன். எனக்கு இப்போ முப்பத்தோரு வயசு.

சின்ன வயசுல எனக்கு ஞாபகம் இருக்கறது ஊசி இல்ல. ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா கேக்கற முதல் கேள்வி, சுகர் எவ்ளோ. என்னடா பண்ண, யார்கூட விளையாண்ட, ஒன்னும் கிடையாது, சுகர் எவ்ளோ. 250ன்னு சொன்னா அம்மா முகம் அப்படியே மாறும். என்ன சாப்ட, யார் குடுத்தா, மறைச்சு தின்னியா. நான் ஒன்னுமே தின்னிருக்க மாட்டேன், பரிட்சை டென்ஷன்ல ஏறியிருக்கும், வளர்ச்சி ஹார்மோன்ல ஏறியிருக்கும், இல்ல சும்மாவே ஏறியிருக்கும். அப்புறம் என்ன பண்ணேன், நோட்டுல பொய் எழுத ஆரம்பிச்சேன். 110, 124, 98. வேற வேற கலர் பேனால எழுதுவேன், ஒரே நேரத்துல எழுதினது தெரியக் கூடாதுன்னு. மூணு மாச சராசரி டெஸ்ட்டுல ஹெச்பிஏ1சி 11 வந்துச்சு, டாக்டர் நோட்ட பாக்கறார், ரிப்போர்ட்ட பாக்கறார், என்ன பாக்கறார். திட்டல. அம்மாவ வெளிய உக்கார சொல்லிட்டு, நம்பர் கெட்டதா வந்தா நீ கெட்ட பையன்னு யார் சொன்னான்னு கேட்டார். அழுதுட்டேன்.

அதனால உங்ககிட்ட கேக்கறது ஒன்னே ஒன்னு. நம்பர மார்க் மாதிரி பேசாதீங்க. நல்ல சுகர் கெட்ட சுகர்னு சொல்லாதீங்க, ஹை, லோன்னு சொல்லுங்க. சர்க்கரை தின்னதால வந்ததுன்னு யாராவது அவ காதுபட சொன்னா அங்கயே மறுத்துடுங்க, ஏழு வயசு குழந்தை அத நம்பிடும், தான் பண்ண தப்புன்னு நினைச்சு வளரும். நான் அப்படித்தான் வளர்ந்தேன், பன்னெண்டு வயசுலதான் ஒரு நர்ஸ் சொல்லி தெரிஞ்சுகிட்டேன் அது சம்பந்தமே இல்லன்னு.

அப்போ கண்ட்ரோலே வேணாமான்னு கேக்காதீங்க, வேணும். 1983ல இருந்து 1993 வரைக்கும் 1441 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, சுகர இறுக்கிப் பிடிச்சவங்களுக்கு கண்ணு பாதிப்பு புதுசா வர்றது 76 சதவீதம் குறைஞ்சுச்சு. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, அந்த பொய் நோட்டு வருஷங்களுக்கு அப்புறமும், அதிர்ஷ்டம். ஆனா இறுக்கிப் பிடிக்கிற வேலைய பெத்தவங்க எடுத்துக்கோங்க, குழந்தைய விசாரணை பண்ணாதீங்க. சென்சார் இருந்தா கேக்காமலே போன்ல பாத்துக்கலாம், அவ வீட்டுக்கு வந்ததும் வேற கேள்வி கேளுங்க.

பீட்டாசெல் தம்பிக்கு ஒன்னு சொல்லணும். நீங்க எழுதினது எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா நான் அந்த நியூஸ் படிக்கறத நிறுத்தி பத்து வருஷம் ஆச்சு. எனக்கு வந்தப்போ டாக்டர் அஞ்சு வருஷத்துல மருந்து வந்துடும்னார். அஞ்சு வருஷம் கழிச்சு வேற டாக்டர், அவரும் அஞ்சு வருஷம்னார். இந்த ஜோக் டைப் 1காரங்க எந்த ஊர்ல இருந்தாலும் தெரியும். பதினாலு வயசு வரைக்கும் நான் எதையும் சரியா கத்துக்கவே இல்ல, சாப்பாட்டுல மாவுச்சத்து (கார்ப்) எண்ணறது, டோஸ் கணக்கு போடறது எதுவும், எதுக்கு கத்துக்கணும் அதான் குணமாகப் போகுதேன்னு.


பீட்டாசெல்_பைத்தியம்:

புரியுது ப்ரோ. எனக்கும் அந்த அஞ்சு வருஷம் சொன்னாங்க, நான் உல்டாவா லேப்புக்கே போயிட்டேன்.

ஆனா ஒரு பக்கம் மட்டும் பாக்காதீங்க. 1922 ஜனவரில டொரான்டோவுல லெனர்ட் தாம்சன்னு பதினாலு வயசு பையனுக்குத்தான் முதல் இன்சுலின் ஊசி. முதல் தடவை சரக்கு சுத்தமா இல்ல, அலர்ஜி ஆகி நிறுத்திட்டாங்க. பன்னெண்டு நாள் கழிச்சு காலிப்னு ஒருத்தர் சுத்தம் பண்ணிக் குடுத்தத போட்டாங்க, சுகர் எறங்குச்சு. அதுக்கு முன்னாடி இந்த நோய்க்கு வைத்தியம்னா சாப்பாட்ட குறைச்சு குறைச்சு பட்டினி போட்டு சாவ தள்ளிப் போடறதுதான். ராத்திரி 52 வந்தா போன் கத்துற காலம் வரைக்கும் வந்திருக்கோம், சென்சார் சொல்ற நம்பர பாத்து பம்ப் தானா இன்சுலின ஏத்தி எறக்கற மெஷின் 2016லயே அனுமதி வாங்கியாச்சு. அதையெல்லாம் குணம்னு யாரும் சொல்லல, ஆனா நியூஸ் படிக்காம இருந்தா அதுவும் தெரியாம போயிடும்ல.


தூக்கம்_தொலைத்தவள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு நாளா பதில் போட முடியல.

பொடிய எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட காட்டினேன். திட்டுவாங்கன்னு நினைச்சு கை நடுங்குச்சு. பாக்கெட்ட திருப்பி திருப்பி பாத்துட்டு, இதுல ஒன்னுமே எழுதலயேன்னு மட்டும் சொல்லிட்டு எடுத்து வச்சுகிட்டாங்க. சி-பெப்டைடுன்னு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, உடம்பு தானா எவ்ளோ இன்சுலின் சுரக்குதுன்னு அதுல தெரியுமாம், கொஞ்சம் சுரக்குது, ஹனிமூன்தான்னு இந்த தடவை உக்கார வச்சு சொன்னாங்க. பொடி நிறுத்தி மூணு ராத்திரி ஆச்சு, 70க்கு கீழ போகல. அதனாலயா இல்ல டோஸ் குறைச்சதாலயான்னு தெரியல, நான் எதுவும் முடிவு பண்ணிக்கல.

நாத்தனார்கிட்ட சொன்னேன், கோவம், குழந்தைக்கு நல்லது பண்ண வந்தேன் பாருன்னுட்டு பேசறதில்ல. என் வீட்டுக்காரர் ரெண்டுமணி அண்ணன் எழுதினத ரெண்டு தடவை படிச்சார். ஒன்னும் சொல்லல, சாயங்காலம் அவரே போய் ஊசி எடுத்துட்டு வந்தார். இதுவரைக்கும் அவர் போட்டதே இல்ல.

நேத்து ஸ்கூல்ல இருந்து வந்ததும் சுகர் கேக்கக்கூடாதுன்னு நாக்க கடிச்சுகிட்டு, இன்னைக்கு என்னடி நடந்துச்சுன்னு கேட்டேன். ஒரு மாதிரி பாத்தா. 143ம்மான்னு அவளே சொல்லிட்டு போயிட்டா. பழக்கம் மாற நாள் ஆகும் போல.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். இப்போ சில வேளைக்கு ஒரு யூனிட்டே அதிகமா இருக்கு, டாக்டர் அரை யூனிட் போட சொல்றாங்க, எங்க பென்ல ஒன்னு ஒன்னாத்தான் திருகுது. என்ன பண்றது?


ரெண்டுமணி_அலாரம்:

அரை அரையா திருகுற பென் தனியா வருது சிஸ்டர், அதே கம்பெனி கார்ட்ரிட்ஜ்தான் அதுக்குள்ள போடணும், கம்பெனி மாறினா பொருந்தாது, அதனால உங்க இன்சுலின் பேர டாக்டர்கிட்ட காட்டி எந்த பென்னுன்னு எழுதி வாங்கிக்கோங்க. போடறதுக்கு முன்னாடி ரெண்டு யூனிட் காத்துல விட்டு ஊசி நுனில சொட்டு வருதான்னு பாருங்க, அரை யூனிட் போடுறவங்களுக்கு ஒரு சின்ன காத்து குமிழியே மொத்த டோஸயும் முழுங்கிடும். போட்டதும் உடனே உருவாதீங்க, பத்து எண்ணுங்க. திறந்த கார்ட்ரிட்ஜ்ல தேதி எழுதி ஒட்டுங்க, இவ்ளோ கம்மியா போடறப்போ இருவத்தெட்டு நாள்ல தீராது, மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடணும், மனசு வராது, போட்டுடுங்க.

வீட்டுக்காரர எண்ண சொல்லுங்க அந்த பத்த.